10.0.2.15: ஒரு முகவரியின் பயணம்

ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் செயலி எழுதிப் பழகியவர்களுக்கு 10.0.2.2 என்ற எண் மனப்பாடம். எமுலேட்டருக்குள் ஓடும் செயலி நம் லேப்டாப்பில் ஓடும் சர்வரோடு பேச வேண்டுமானால் அந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸை நிறுவி, வேறு எதையும் மாற்றாமல், அதன் ஐபி முகவரி என்னவென்று பார்த்தால் 10.0.2.15 என்று வரும். கியூஎமுவில் நிறுவிப் பார்த்தாலும் அதே 10.0.2.15. தனியார் வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கிய, 10இல் தொடங்கும் முகவரிகள் மட்டும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு எல்லாரும் இந்த ஒன்றையே எடுத்துக்கொண்டது எப்படி?

யாரும் தேர்ந்தெடுத்து எடுக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வீட்டிலிருந்து சீதனமாக வந்தது அது. அந்த வீட்டின் பெயர் ஸ்லிர்ப். மெய்நிகர் கணினி மென்பொருளை மூலநிரலிலிருந்து தாமே கட்டி நிறுவுகிறவர்கள் இந்தப் பெயரை முதன்முதலாகச் சந்திப்பது பெரும்பாலும் ஒரு பிழைச் செய்தியைத் துரத்திப் போகும்போதுதான். நானும் அப்படித்தான் சந்தித்தேன். பிழையைச் சரிசெய்த பிறகும் அந்தப் பெயர் மனதை விட்டுப் போகவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

1995. வீட்டிலிருந்து இணையத்துக்குப் போக வேண்டுமானால் தொலைபேசிக் கம்பியில் மோடம் மாட்டி, தொலைவில் இருக்கும் ஒரு யூனிக்ஸ் இயந்திரத்தை அழைக்க வேண்டும். அதில் இரண்டு வகைக் கணக்குகள். ஒன்று ஷெல் அக்கவுன்ட்: கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். மின்னஞ்சல் படிக்கலாம், கட்டளை கொடுக்கலாம். ஆனால் இணையம் அந்த யூனிக்ஸ் இயந்திரம் வரைதான் வந்து நிற்கும், உங்கள் மேசைக்கு வராது. இன்னொன்று முழு இணைப்பு: உங்கள் பிசிக்கே ஐபி முகவரி கிடைக்கும், நெட்ஸ்கேப்பில் படம் பார்க்கலாம். இரண்டாவதற்குக் காசு அதிகம். இந்தியாவிலும் இதே நிலைதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, சென்னை உட்பட முதலில் இணைப்புக் கிடைத்த நகரங்களில் மாணவர்களுக்குக் கட்டுப்படியானது எழுத்து மட்டும் வரும் ஷெல் கணக்குதான்.

ஷெல் கணக்கை முழு இணைப்புபோல ஆக்கும் ஒரு மென்பொருள் அப்போது விலைக்குக் கிடைத்தது. தி இன்டர்நெட் அடாப்டர் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த டேனி காஸ்பரோவ்ஸ்கி அதற்கு இணையான ஒன்றை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதுதான் ஸ்லிர்ப்.

அது செய்த வேலையைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல உவமை, தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து பிறருக்குக் கடிதம் எழுதித் தருபவர். ஊரிலிருந்து வந்த அம்மா சொல்லச் சொல்ல, அவர் தன் பேனாவால் தன் கையெழுத்தில் எழுதித் தபாலில் சேர்ப்பார். பதில் வந்தால் பிரித்துப் படித்துச் சொல்வார். தபால் துறையைப் பொறுத்தவரை எழுதியவர் அவர்தான். ஸ்லிர்ப்பும் அப்படியே. உங்கள் பிசி அனுப்பும் ஐபி பாக்கெட்டை அது அப்படியே வெளியே தள்ளிவிடாது. அதற்கு அனுமதியும் கிடையாது, ஏனென்றால் யூனிக்ஸ் இயந்திரத்தில் அது ஒரு சாதாரணப் பயனரின் சாதாரண நிரல். ஆகவே பாக்கெட்டைப் பிரித்து, நீங்கள் எந்த ஊர் சர்வரோடு பேச விரும்புகிறீர்கள் என்று பார்த்து, தன் பெயரில் ஒரு சாக்கெட்டைத் திறந்து, அந்த சர்வரோடு தானே பேசும். பதிலைப் பெற்று, திரும்பப் பாக்கெட்டாகக் கட்டி, மோடம் வழியாக உங்களுக்கு அனுப்பும். ரூட் அதிகாரம் வேண்டாம், நிர்வாகியிடம் போய் நிற்கவும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டில் உங்கள் பிசிக்கு ஏதாவது ஒரு முகவரி இருக்க வேண்டும். அது ஸ்லிர்ப்புக்கும் உங்களுக்கும் இடையில் மட்டும் புழங்குவது என்பதால் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தில் நூறு பேர் ஸ்லிர்ப்பை ஓட்டினாலும் நூறு பேருக்கும் ஒரே முகவரி இருக்கலாம். 10.0.2.15 என்று வைத்துக்கொள்ளச் சொன்னது ஸ்லிர்ப். அந்தப் பக்கத்து இயந்திரத்துக்கு 10.0.2.2, பெயர் தேடும் டிஎன்எஸ்ஸுக்கு 10.0.2.3. அன்று வைத்த எண்கள் இன்றும் மாறவில்லை.

அடுத்த ஊர் பிரான்ஸ். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2003இல் கியூஎமுவின் முதல் பதிப்பை வெளியிட்டார். அதற்கு முன்பே எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கியவர் அவர். ஒரு வகைப் புராசசருக்காகக் கட்டப்பட்ட லினக்ஸ் நிரலை வேறு வகைப் புராசசரில் ஓட்டுவதுதான் கியூஎமுவின் தொடக்க நோக்கம். விரைவிலேயே அது முழுக் கணினியையும் போலியாக உருவாக்கும் அளவுக்கு வளர்ந்தது: போலி வட்டு, போலித் திரை, போலி நெட்வொர்க் கார்டு. நெட்வொர்க் கார்டில்தான் சிக்கல் வந்தது. போலிக் கார்டிலிருந்து புறப்படும் பாக்கெட் எங்கே போகும்? அதை உண்மையான வலையமைப்பில் சேர்க்க, கெர்னலில் ஒரு டேப் இடைமுகம் உருவாக்க வேண்டும். அதற்கு ரூட் அதிகாரம் வேண்டும்.

இங்கே நான் ஒரு நிமிடம் நின்று வியந்திருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கான்பெராவில் இருந்த அதே சிக்கல்தான் இது. ஒரு பக்கம் ஐபி பேசத் தெரிந்த கணினி. மறு பக்கம் இணையம். நடுவில் அதிகாரம் இல்லாத ஒரு சாதாரண நிரல். மோடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பிசியின் இடத்தில் இப்போது மெய்நிகர் கணினி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. 2004இல் பெல்லார்ட் ஸ்லிர்ப்பின் நிரலை எடுத்துக் கியூஎமுவுக்குள் சேர்த்தார். டயல்அப் காலம் முடியப் போகிறது, இனி இதற்கு வேலையில்லை என்றிருந்த ஒரு நிரலுக்கு அன்றைக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. ஒருவர் முழுமையாகச் செய்து முடித்து, திறந்து வைத்துவிட்டுப் போன வேலையை இன்னொருவர் கண்டுகொண்டு எடுத்தாள்வது திறமூல உலகின் மிக அழகான நிகழ்வு என்று நினைக்கிறேன். விர்ச்சுவல்பாக்ஸின் நேட் வசதியும் இதே நிரலிலிருந்து வந்தது. ஆண்ட்ராய்டு எமுலேட்டர் கியூஎமுவின் மேல் கட்டப்பட்டது. முகவரி ஒன்றாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

வழியில் ஓர் உரிமச் சிக்கலும் வந்தது. ஸ்லிர்ப் பழைய பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. விளம்பரங்களில் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற ஷரத்து அதில் உண்டு. கியூஎமு இருக்கும் ஜிபிஎல் உரிமத்தோடு அது ஒத்துப்போகாது. 2009இல் டேனி காஸ்பரோவ்ஸ்கியிடமும், அவருக்குப் பின் ஸ்லிர்ப்பைப் பார்த்துக்கொண்ட கெல்லி பிரைஸிடமும் ஒப்புதல் பெற்று அந்த ஷரத்து நீக்கப்பட்டது.

அதைவிடப் பெரிய சோதனை பாதுகாப்பில் வந்தது. 1995இல் இணையத்தில் புழங்கிய சில நெறிமுறைகள், பேச்சின் நடுவிலேயே தங்கள் ஐபி முகவரியையோ போர்ட் எண்ணையோ எழுதி அனுப்பும் வழக்கம் கொண்டவை. எஃப்டிபி, ஐஆர்சி, ரியல்ஆடியோ எல்லாம் அந்த ரகம். கடிதம் எழுதித் தருபவர் முகவரியை மாற்றினால் மட்டும் போதாது, கடிதத்துக்குள் இருக்கும் முகவரியையும் மாற்ற வேண்டும். அதற்காக ஸ்லிர்ப்பில் டிசிபி எமு என்றொரு பகுதி இருந்தது. டயல்அப் காலத்தில் அது மாணவர்களுக்குப் பேருதவி. கால் நூற்றாண்டு கழித்து யாரும் ரியல்ஆடியோ கேட்பதில்லை. ஆனால் அந்தப் பகுதி உள்ளேயே இருந்தது. மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் ஒருவர், பழைய அடையாள நெறிமுறையின் பெயரில் அளவுக்கு மீறிய தரவை அனுப்பி, வெளியே ஓடும் கியூஎமுவின் நினைவகத்தைச் சிதைக்க முடியும் என்று 2019இல் தெரிய வந்தது. அதே ஆண்டு, துண்டுகளாக வரும் பாக்கெட்டுகளை ஒட்டும் பகுதியிலும் ஓட்டை. 2020இல் ஐஆர்சி பகுதியில் இன்னொன்று. ஓட்டைகள் அடைக்கப்பட்டன. டிசிபி எமு இப்போது கேட்டால்தான் இயங்கும், இயல்பில் அணைந்தே இருக்கும்.

இதனாலெல்லாம் ஸ்லிர்ப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தன் கணக்கில் தானே உட்கார்ந்து இணையம் பார்க்க ஒரு மாணவர் எழுதிய நிரல் அது. உள்ளே எதிரி ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து எழுதியதல்ல. அதைப் புது வேலைக்குக் கூட்டி வந்தவர்களுக்குத்தான் அந்தப் பொறுப்பு இருந்தது. அந்தப் பொறுப்பைப் பின்னால் ஏற்றுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2019 வாக்கில் ஸ்லிர்ப், கியூஎமுவின் அடைவிலிருந்து பிரிந்து லிப்ஸ்லிர்ப் என்ற தனி நூலகமாயிற்று. சாமுவேல் திபோ, மார்க் ஆந்த்ரே லூரோ போன்றவர்கள் அதைப் பராமரித்து வந்திருக்கிறார்கள். பிரிந்தாலும் சில ஆண்டுகள் கியூஎமுவின் மூலநிரலோடு அதன் பிரதியும் கூடவே வந்துகொண்டிருந்தது. 2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்பில் அதுவும் நின்றது. ஸ்லிர்ப் வீட்டை விட்டு முழுமையாக வெளியேறியது. இனி வேண்டுமானால் நாம்தான் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

மூலநிரலிலிருந்து கட்டுகிறவர்களின் தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

தெரிந்த பையன் ஒருவன், கல்லூரி ப்ராஜெக்டுக்காகக் கியூஎமுவின் புதிய பதிப்பைத் தானே கட்டினான். ராத்திரி பத்து மணிக்கு போன்.

“அண்ணே, எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஒரு எரர்கூட வரல. இன்ஸ்டாலும் ஆயிடுச்சு. ஆனா ஓட்டினா நெட்வொர்க் பேக்எண்ட் யூசர் இந்த பைனரியில கம்பைல் ஆகலன்னு சொல்லுது. நேத்து வரைக்கும் இதே கமாண்ட் ஓடிச்சுண்ணே.”

“நேத்து ஓடினது எது, இன்னைக்கு ஓடுறது எதுன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. நேற்று ஓடியது டிஸ்ட்ரோ கொடுத்த கியூஎமு. அது யூஎஸ்ஆர் பின் அடைவில் இருக்கும். நாமே கட்டி நிறுவியது யூஎஸ்ஆர் லோக்கல் பின் அடைவுக்குப் போகும். கட்டளையைத் தேடும்போது ஷெல் முதலில் பார்ப்பது லோக்கலை. பெயர் ஒன்று, ஆள் வேறு. பழையது எங்கும் போகவில்லை, புதியதன் நிழலில் மறைந்து நிற்கிறது.

“கான்ஃபிகர் முடிஞ்சதும் நீளமா ஒரு பட்டியல் வந்துச்சே, படிச்சியா?”

“அது நூறு வரிக்கு மேல இருக்குண்ணே.”

“அதுல நெட்வொர்க் பேக்எண்ட்னு ஒரு தலைப்பு இருக்கும். அதுக்குக் கீழ ஸ்லிர்ப் சப்போர்ட்னு ஒரு வரி. பாத்துச் சொல்லு.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: “நோன்னு போட்டிருக்குண்ணே.”

அவன் பின்பற்றியது 2022க்கு முன் எழுதிய செய்முறை. அதில் நிறுவச் சொன்ன பட்டியலில் ஜிலிப் இருந்தது, பிக்ஸ்மேன் இருந்தது, லிப்ஸ்லிர்ப் இல்லை. எழுதியவர்மேல் தவறில்லை. அன்று அது கூடவே வந்தது. இன்று, கட்டுமுன் ஓட்டும் கான்ஃபிகர் நிரல் அதைத் தேடிப் பார்க்கிறது, கிடைக்கவில்லை. இல்லாமலும் கியூஎமுவைக் கட்டலாம் என்பதால் சத்தம் போடாமல் அந்த வரியில் நோ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. கட்டும் கருவியான நிஞ்ஜா ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பிழையின்றிக் கட்டி முடிக்கிறது. குறை வெளிப்படுவது மெய்நிகர் கணினியை ஓட்டும்போதுதான்.

டெபியன், உபுண்டு வகையில் லிப்ஸ்லிர்ப் டெவ் என்ற பொதியையும், ஃபெடோராவில் லிப்ஸ்லிர்ப் டெவல் என்ற பொதியையும் நிறுவ வேண்டும். பெயரின் கடைசியில் வரும் டெவ் முக்கியம். அது இல்லாத பொதியில் ஓடுவதற்கான நூலகம் மட்டும் இருக்கும். கட்டுவதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் டெவ்வில்தான். தம்பி நிறுவினான். உடனே மேக் கொடுத்தான். “அதேதாண்ணே வருது.” வரத்தானே செய்யும்! கான்ஃபிகர் ஒருமுறை எழுதிவைத்த முடிவை மேக் மறுபடி விசாரிப்பதில்லை. பில்ட் அடைவை அழித்துவிட்டுக் கான்ஃபிகரிலிருந்து தொடங்கச் சொன்னேன். இந்த முறை எனேபிள் ஸ்லிர்ப் என்ற விருப்பத்தையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். அதைச் சேர்த்துவிட்டால், ஸ்லிர்ப் கிடைக்காதபோது கான்ஃபிகர் வாயை மூடிக்கொண்டு போகாது. அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். அரை மணி நேரம் கட்டி முடித்த பிறகு தெரிவதைவிட முதல் நிமிடத்திலேயே தெரிவது எவ்வளவோ மேல்.

எனக்கு இதைவிடக் கடினமாக ஒருமுறை வந்தது. பொதியாகக் கிடைக்காத ஒரு பழைய இயந்திரத்தில் லிப்ஸ்லிர்ப்பையும் மூலநிரலிலிருந்தே கட்டினேன். நிறுவியாயிற்று. கியூஎமுவின் கான்ஃபிகர் இல்லை என்கிறது. கண்ணெதிரே யூஎஸ்ஆர் லோக்கலின் லிப்64 அடைவில் கோப்பு இருக்கிறது! நூலகங்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கான்ஃபிகர் நேரடியாகத் தேடுவதில்லை, பிகேஜி கான்ஃபிக் என்ற நிரலைக் கேட்கிறது. அந்த நிரலுக்கு லோக்கல் அடைவைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன் பாதை மாறியில் அந்த அடைவைச் சேர்த்ததும் எஸ் வந்தது. கட்டி முடித்து ஓட்டினால் அடுத்த பிழை: லிப்ஸ்லிர்ப்பின் பகிர்வு நூலகக் கோப்பைத் திறக்க முடியவில்லை. கட்டும்போது தேடுபவர் ஒருவர், ஓடும்போது தேடுபவர் வேறொருவர். ஓடும்போது தேடும் லோடரின் பட்டியலிலும் அந்த அடைவைச் சேர்த்து, எல்டி கான்ஃபிக் கட்டளையை ரூட்டாக ஒருமுறை ஓட்டிய பிறகுதான் கியூஎமு எழுந்தது. ஒரே கோப்பைப் பற்றி இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு பிழைகளும் ஒரே மாதிரி இல்லை, எங்கே தோன்றியது என்பதே யாரிடம் சொல்ல வேண்டும் என்று காட்டிக்கொடுத்தது.

தம்பியின் கதை அன்றோடு முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து மறுபடி போன். “இப்ப ஓடுதுண்ணே. ஆனா நெட் இல்ல. பிங் போகல.”

“பிங்க விடு. ஏதாவது ஒரு பொதிய இறக்கிப் பாரு.”

இறங்கியது. பிங் பயன்படுத்துவது ஐசிஎம்பி என்ற வேறு நெறிமுறை. சாதாரண நிரல் ஒன்று நினைத்தபோதெல்லாம் ஐசிஎம்பி அனுப்பிவிட முடியாது, கெர்னல் அனுமதித்திருக்க வேண்டும். கடிதம் எழுதித் தருபவரால் தந்தி அடிக்க முடியாததுபோல. 10.0.2.2க்குப் பிங் அடித்தால் பதில் வரும், ஏனென்றால் அதற்குப் பதில் சொல்வது ஸ்லிர்ப்பேதான். வெளியூருக்குப் பிங் போவது இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்தது. பிங் வரவில்லை என்பதை வைத்து மட்டும் நெட் இல்லை என்று முடிவு கட்டி, சரியாக ஓடிக்கொண்டிருந்த பில்டை அழித்துத் திரும்பக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்லிர்ப்பின் பயணம் மெய்நிகர் கணினிகளோடு நிற்கவில்லை. 2018இல் அகிஹிரோ சூடா என்ற ஜப்பானியப் பொறியாளர் ஸ்லிர்ப்4நெட்என்எஸ் என்ற நிரலை எழுதினார். ரூட் அதிகாரமில்லாத பயனர் ஓட்டும் கன்டெய்னர்களுக்கு இணையம் தருவது அதன் வேலை. மூன்றாவது முறையாக அதே சிக்கல், அதே விடை. கன்டெய்னர்களை ஓட்டும் பாட்மேன் பல ஆண்டுகள் அதைத்தான் இயல்பாகப் பயன்படுத்தியது. 2024இல் வந்த பாட்மேன் 5.0 அந்த இடத்தை ஸ்டெஃபானோ பிரிவியோ உருவாக்கிய பாஸ்டாவுக்குக் கொடுத்தது. பாஸ்டா புதிதாக எழுதப்பட்டது, வேகமானது. கியூஎமுவுக்கும் அதன் உடன்பிறப்பான பாஸ்ட் இருக்கிறது. வேகம் முக்கியமென்றால் அதைப் பயன்படுத்துங்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் எந்த அமைப்பும் செய்யாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒரே கட்டளையில் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பி இணையத்தோடு சேர்க்க இன்றும் ஸ்லிர்ப்பைப்போல எளிதானதை நான் பார்க்கவில்லை.

அடுத்த முறை கியூஎமுவை நீங்களே கட்டும்போது எனேபிள் ஸ்லிர்ப் சேர்த்துக் கான்ஃபிகர் செய்யுங்கள், நிஞ்ஜாவைத் தொடங்குமுன் அந்த நீளமான பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். நேரமிருந்தால் லிப்ஸ்லிர்ப்பின் மூலநிரலில் டிசிபி இன்புட் என்ற கோப்பையும் திறந்து பாருங்கள். தலைப்பில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயரும் 1982 என்ற ஆண்டும் இருக்கும். அதற்குக் கீழே, ஸ்லிர்ப் தொடர்பான மாற்றங்கள் 1995 டேனி காஸ்பரோவ்ஸ்கி என்று இருக்கும்.